சர்ச் பள்ளிக்கூட வாசலில் நீ சொன்ன வார்த்தை

கண்ணா,

மாடியில் நீ, கீழே நான். ஒரு குரல் கொடுத்தால் கேட்கும். இதற்குப் போய் ஒரு கடிதமா என்று சிரிப்பாய். சிரித்துவிட்டுப் போ. நான் வாயைத் திறந்தால் ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வண்டிச் சாவியை எடுக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்றால் போனை எடுத்துக்கொள்கிறாய். ஷூ கம்பெனியில் அத்தனை வருஷம் உட்கார்ந்து தைத்த கை இது, எழுதினாலும் கோடு கோணாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

வியாழக்கிழமை உன் மகன் தருணைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மூன்று பேரும் போனோம். நான் படித்த பள்ளிக்கூடம் அது, என் தம்பி மணி, உன் மாமா, அவனும் படித்த பள்ளிக்கூடம். முன்பு இருந்த இங்கிலீஷ் மீடியத்தில் பையன் அடங்குவதில்லை, ஒரு இடத்தில் உட்காருவதில்லை என்று டைரியில் எழுதி எழுதி அனுப்பினார்கள். சர்ச் பள்ளிக்கூடத்தில்தான் கண்டிப்பு ஜாஸ்தி, அங்கே போட்டால் வழிக்கு வருவான் என்று நீ முடிவு கட்டினாய். அதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. நடந்து போகிற தூரம், நல்லதுதான் என்றுகூட நினைத்தேன். டீச்சர் சின்னப் பெண். தருணிடம் குனிந்து, உனக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது நீ வாசலில் நின்று திரும்பினாய்.

“கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுடுங்க மிஸ். மத்தபடி தோல உரிச்சித் தொங்க வுட்டாலும் நா ஏன்னு கேக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அந்தப் பெண் மேசையைப் பார்த்தாள். என் கைக்குள் இருந்த தருணின் கை வேர்த்துப்போனது. நீ வேடிக்கையாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற அப்பன்மார் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். சொல்லாவிட்டால்தான் வாத்தியாருக்கு மரியாதை கொடுக்கவில்லை என்பார்கள். ஆனால் அதே வாசலில், அதே வார்த்தையை, அதே மாதிரி ஒரு சிரிப்போடு நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

வேறு ஊர்ப் பிள்ளைக்கு அது வெறும் பேச்சு. நம் பிள்ளை உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஆட்டுத்தோல் ஏற்றிய லாரி போகிற தெருவில் வளர்கிறான். தோல் என்றால் என்ன, உரிப்பது என்றால் என்ன என்று அவனுக்கு நீயோ நானோ சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அன்று மத்தியானம் சோறு பிசைந்து ஊட்டினால் வாயை மூடிக்கொண்டான். பிறகு கேட்டான்.

“ஆயா, ஆட்டுத் தோல்ல கண்ணு இருக்கிற எடம் ஓட்டையாதான இருக்குது? எனுக்கு மட்டும் எப்படி கண்ண வுடுவாங்க?”

அப்பா சும்மா சொன்னாருடா என்றேன். அப்பா சும்மா சொல்ல மாட்டாரு என்றான். உன் மகன் உன்னை அப்படி நம்புகிறான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை அவன் வகுப்புக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்னால் நீ அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அவனை விட்டுவிட்டுத் தனியாகப் போய் அல்ல, அவனுக்குக் கேட்கும்படி. ஏன் என்று சொல்கிறேன். சொல்லாமல் கேட்டால் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பாய்.

இப்போது நீ பார்க்கிற மாடிக் கட்டடம் அப்போது கிடையாது. கோயில்தான் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கிற அதே கல் கட்டடத்தில் மற்ற நாளில் எங்கள் வகுப்புகள் நடக்கும். பீடத்தை ஒரு வெள்ளைத் திரையால் மூடிவிடுவார்கள். ஒரு மூலையில் வாய்ப்பாடு, ஒரு மூலையில் அரிச்சுவடி, நடுவில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். கூரை அவ்வளவு உயரம். அடி விழுந்தால் சத்தம் மேலே போய் முட்டிவிட்டுத் திரும்பி வரும். ஒருத்தன் வாங்குகிற அடியை நாங்கள் எல்லோரும் இரண்டு தடவை கேட்போம். தோல் பதனிடுகிற ஷாப்பு ஆட்களின் பிள்ளைகள் என்று எங்களுக்குக் கடைசி பெஞ்சு. தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் எவ்வளவு குளித்தாலும் ஒரு வாடை இருக்கும். அந்த வாடை பெஞ்சில் ஏறிவிடும் என்று எங்கள் பெஞ்சை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வெளியே தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

பெரிய வாத்தியார் என்றுதான் அவரைச் சொல்வோம். நல்ல குரல். காலையில் கண்ணை மூடிக்கொண்டு அவர் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு அவரை மிகவும் பிடிக்கும், பொய் சொல்லக் கூடாது. பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தால் வேறு ஆள். காது மடலுக்குள் சரளைக்கல்லை வைத்துத் திருகுவார். கையை மடக்கி நீட்டச் சொல்லி, ஸ்கேலின் கூர்ப்பக்கத்தால் விரல் முட்டியில் போடுவார். வெயிலில் ஜல்லிக் குவியல் மேல் முட்டி போட வைப்பார். எழுந்தால் கல்லும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும், பிடுங்கினால் ரத்தம் வரும். பாட நேரத்தில் தூங்கிவிட்டாள் என்று ஒரு பெண்ணின் ஜடையை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டிவிட்டுக் கணக்கு நடத்தினார். அவள் கால் ஓய்ந்து தொங்கியபோது மயிர் வேரோடு வந்தது. சாயங்காலம் அவள் அம்மா வந்தாள், தலையைப் பார்த்தாள், மகளுக்கு இன்னும் ஒரு அறை கொடுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போனாள்.

அடி வாங்கிய பிள்ளைகள் சும்மா இருக்குமா? பெல் அடித்ததும் பாலாற்று மணலில் எங்கள் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கும். ஒருத்தன் பெரிய வாத்தியார் ஆவான். வேலங்குச்சியை ஒடித்து, முள்ளைச் சரியாகச் சீவாமல், விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே அடிப்பான். அடி வாங்கியவன் அடுத்த வாத்தியார், அவன் இன்னும் ஓங்கி அடிப்பான். ஒரு நாள் மனுஷப் பிள்ளைகள் போதவில்லை. ஆற்றில் திரிந்த நாய்க்குட்டியைக் கட்டிப்போட்டு வாய்ப்பாடு கேட்டார்கள். அது வாலை ஆட்டியது. சொல்ல மாட்டியா, சொல்ல மாட்டியா என்று ஆளுக்கு ஒரு அடியாக அடித்து அதைக் கொன்றே விட்டார்கள். நானும் அந்த வட்டத்தில் நின்றேன். யாரும் அழவில்லை. கண்டிப்பு கண்டிப்பு என்கிறாயே, அது பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று கேட்டால் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

உன் தாத்தாவை, என் அப்பாவை, நீ பார்த்ததில்லை. தோல் ஷாப்பில் சவ்வு சீவுகிற வேலை. சுண்ணாம்பில் ஊறிய தோலைக் கட்டை மேல் விரித்துப் போட்டு, வளைந்த கத்தியை இரண்டு கையாலும் பிடித்து, ஒட்டியிருக்கிற சதையை வழிக்க வேண்டும். சுண்ணாம்பு அவர் விரல் இடுக்கெல்லாம் தின்றுவிட்டிருந்தது. குழம்பு ஊற்றினால் எரிகிறது என்று வெறும் மோரில் பிசைந்து சாப்பிடுவார். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் அவருக்குச் சாமிதான். மணியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, அந்த வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, நீ சொன்னாயே, அதைத்தான் சொன்னார். கண்ணை விட்டுவிடுங்கள், தோலை உரித்துவிடுங்கள். பெரிய வாத்தியாரும் சிரித்துவிட்டு, உரிப்பதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது, குச்சி எல்லாம் ஒடிந்துபோகிறது, உங்கள் ஷாப்பில் தோல் பட்டை கிடைக்குமே என்றார்.

அது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். கொல்லையில் முருங்கை இருக்கிறவர்கள் வாத்தியாருக்குக் காய் கொண்டுவந்து கொடுப்பார்கள், மாடு வைத்திருப்பவர்கள் மோர் கொடுப்பார்கள். ஷாப்பில் வேலை செய்கிறவன் அடிக்கிற பட்டை கொடுப்பான். போன பட்டை யார் அப்பா கொடுத்தது என்று எங்களுக்குத் தெரியும், அந்தப் பையன் அதில் பெருமைகூடப் பட்டுக்கொள்வான். என் அப்பா எருமைத்தோலில் நல்ல இடமாகப் பார்த்து வெட்டினார். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டு எடுத்தார். ஓரத்தைக் கண்ணாடிச் சில்லால் வழித்து வழித்து மழுங்கடித்து, விளக்கெண்ணெய் தேய்த்து, தன் முழங்கையில் இரண்டு தரம் அடித்துப் பார்த்துக்கொண்டார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். அம்மா முணுமுணுத்தாள். அதற்கு அவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“எம் புள்ளைக்கு நா இன்னா குடுக்க முடியும்? படிப்பா குடுக்க முடியும்? இதாவது குடுக்கறேன்.”

அந்தப் பட்டை அதிகமாக விழுந்தது மணி மேல்தான். அவன் இடது கைக்காரன். இடது கையில் பலப்பத்தைப் பிடித்தால் அந்தக் கையிலேயே விழும். வலது கைக்கு மாற்றினால் எழுத்து கோணும், அதற்கும் விழும். சாயங்காலம் வீங்கிய கையோடு வருவான். அப்பா விளக்கைக் கிட்டே கொண்டுவந்து தடிப்பை விரலால் தடவிப் பார்ப்பார். கிழியல பாத்தியா, ஓரம் வழிச்ச பட்டை கிழிக்காது என்பார். அவருக்கு அது ஆறுதல். இப்போது நினைத்தால் எனக்கு அந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருக்கிறது, அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகியும்.

கிறிஸ்துமஸ் வருகிறது என்றால் கோயிலுக்கு வெள்ளையடிப்பார்கள். பின்பக்கம் பீப்பாயில் சுண்ணாம்புக் கல்லைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள், உலை மாதிரி கொதிக்கும். பதனிட்ட தோல் சூட்டில் பட்டால் என்ன ஆகும் என்று ஷாப்பு வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா? மணி அன்று பட்டையை எடுத்துக்கொண்டுபோய் அந்தக் கொதியில் போட்டுவிட்டான். வெள்ளையடிக்கிற ஆள் கழியால் தூக்கிக் காட்டியபோது அது சுருண்டு, வெந்து, உயிர் போன பாம்பு மாதிரி தொங்கியது. யார் என்று பெரிய வாத்தியார் கேட்டார். மொத்தப் பேரையும் வெயிலில் முட்டி போடச் சொன்னார். அப்போது மணி தானாகவே எழுந்து நின்றான்.

பட்டை இல்லை, அதனால் கையால் அடித்தார். முதல் அறை இடது காதில் விழுந்தது. அவன் சரிந்து பெஞ்சு விளிம்பில் தாடை இடித்து விழுந்தான். எழுந்திரு என்றார். எழுந்தான். அதே காதில் அடுத்த அறை. எழுந்திரு. மறுபடி அதே காதில். கூரை ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவதில் அவன் எழவில்லை, காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் கழுத்தில் இறங்கிச் சட்டைக்குள் போனது. வாய் முழுக்க ரத்தம், பல் ஒன்று தரையில் கிடந்தது. பெரிய வாத்தியார் நின்று தன் உள்ளங்கையையே பார்த்தார். பிறகு ஷாப்புக்கு ஆள் அனுப்பி அப்பாவைக் கூப்பிடச் சொன்னார்.

அப்பா வேலையிலிருந்து அப்படியே வந்தார். முழங்கால் வரை சுண்ணாம்பு, கையில் ஈரம்கூடக் காயவில்லை. வாசலில் நின்று மணியைப் பார்த்தார். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். அவர் முகம் கறுத்துப்போனதைப் பார்த்தேன். என் அப்பாவின் கைக்குள் எவ்வளவு பலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாள் பூராவும் ஈரத்தோலைப் புரட்டுகிற கை. நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? திரைக்குப் பின்னால் இருந்த பீடத்தைப் பார்த்து, எங்கள் அப்பா இவரைக் கொன்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். குரல்வளையைப் பிடித்து அந்தக் கல் சுவரில் மோதி மோதிக் கொல்ல வேண்டும். அதைப் பார்க்கத் தயாராகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கையைக் கூப்பினார்.

“தப்பு எம் பையன் மேலதான் சார். நீங்க செஞ்சதுதான் சரி. நாளைக்கே வேற பட்டை கொண்டாந்து குடுத்துர்றேன்.”

பெரிய வாத்தியார் அவர் தோளில் கையை வைத்தார். அவரும் மிரண்டுதான் போயிருந்தார். ஆனால் சொன்னது இதுதான்.

“கண்ணுல மட்டும் படாம பாத்துக்கினேன்பா. நீ சொன்னத நா மறக்கல.”

மறுநாள் காலையில் அப்பா புதுப் பட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று அவர் ஓரம் வழித்தாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. மணிக்குக் காதில் சீழ் பிடித்து, ஜுரம் கண்டு, வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். செவிப்பறை போய்விட்டது என்றார்கள். கிணற்று மேட்டில் விழுந்துவிட்டான் என்று அப்பா சொன்னார். பிறகு மணி பெரியவனாகி ஷாப்பில் வேலைக்குப் போனபோது அந்தப் பொய்யும் கூடவே வளர்ந்தது. தோல் உருட்டுகிற டிரம் சத்தத்தில் காது போயிற்று என்று எல்லோருக்கும் சொன்னோம், உனக்கும் அப்படித்தான் சொன்னேன். கல்யாண வீட்டில் நீயும் உன் பெரியப்பா பிள்ளைகளும் மணி மாமா மாதிரி போனில் கத்திப் பேசிக் காட்டிச் சிரிப்பீர்களே, அந்தக் காது டிரம்மில் போகவில்லை. அந்தப் பொய் வாத்தியாரைக் காப்பாற்றச் சொன்ன பொய்யும் இல்லை. எங்கள் அப்பாவைக் காப்பாற்றச் சொன்னது.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அடியாத மாடு படியாது என்பாய். நானும் அடி வாங்கித்தான் இன்றைக்கு லைன் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறேன் என்பாய். ஆமாம், கரண்டிக் காம்பால் நானே உன்னை அடித்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பார். நீ படித்து வந்தது அடியாலா, அடியைத் தாண்டியா? மணியும்தான் அடி வாங்கினான். இன்றைக்கு வரைக்கும் எழுதுவதென்றால் வலது கைக்கும் இடது கைக்கும் நடுவில் பேனாவை மாற்றிக்கொண்டு திணறுகிறான். காலம் மாறிவிட்டது, இப்போது யார் அடிக்கிறார்கள், கேஸ் போட்டுவிடுவார்கள் என்றும் சொல்வாய். அந்தச் சின்னப் பெண் அடிக்க மாட்டாள் என்றுதான் நானும் நினைக்கிறேன். என் பேஜார் அந்தப் பெண்ணால் இல்லை.

வெள்ளிக்கிழமை முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். பஸ் ஏறிக் கணியம்பாடிக்குப் போனேன். மணி கத்திரித் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். வரப்பில் அவனுக்கு வலது பக்கமாக உட்கார்ந்து, நீ சொன்னதையும் தருண் கேட்டதையும் சொன்னேன். இத்தனை வருஷம் மூடி வைத்ததை உன்னிடம் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லிக்கோ என்றான். அப்போதுதான், இவ்வளவு வயசுக்கு அப்புறம், பெரிய வாத்தியார் மேல் இன்னும் கோபம் இருக்கிறதா என்று அவனிடம் கேட்டேன். மண்வெட்டியை மடையில் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் சத்தமாகப் பேசுகிற ஆள்தானே, அன்று மெல்லப் பேசினான்.

“வாத்தியார் மேல இன்னாக்கா கோவம். அவுரு எல்லாரையுந்தான் அடிச்சாரு. அடி வுழச்சொல்லோ நா அழுவல. வாசல்ல நைனா நின்னாரு பாரு, அவர பாத்ததும் அப்பாடா, பொழச்சிக்கினோம்னு நெனச்சேன். அப்புறம் அவுரு பேசினாரு. இந்தப் பக்கத்துக் காது நல்லாதான இருந்துச்சி, எல்லாம் கேட்டுச்சி.”

தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு போனது, எழுந்து போய் அடைத்தான்.

திங்கட்கிழமை லீவு சொல். தருணை நீ கூட்டிக்கொண்டு போ. அந்த வாசலில் நின்று, அன்று சிரித்த அளவுக்குச் சத்தமாக, நான் சொன்னது தப்பு மிஸ், என் பிள்ளை மேல் யாரும் கை வைக்கக் கூடாது, வைத்தால் நான் வருவேன் என்று சொல். அவன் உன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சொல். நீ போகாவிட்டால் நானே போய்ச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டத்தான் முதலில் நினைத்தேன். நான் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மணி அடி வாங்கிய அன்று சாயங்காலம் எங்கள் அம்மா தெருவில் நின்று அந்த வாத்தியார் வம்சத்தையே வாரித் தூற்றினாள், மண்ணை அள்ளி வீசினாள், நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். ஊரே கூடி நின்று கேட்டது. தோட்டத்தில் அதையும் மணிக்கு ஞாபகப்படுத்தினேன். அப்படியா, அம்மா திட்டினாங்களா என்று கேட்கிறான். அவனுக்கு அதில் ஒரு வார்த்தை நினைவில்லை.

உன் அம்மா